வாசகர் கேள்வி – பதில்: மெத்தில் புரோமைடைக் கைவிட்ட வயல்கள்

ஓசோன் படலம் மெல்லத் தேறிவருவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, குளிர்பதன வாயுக்களோடு வேளாண்மையில் பயன்பட்ட மெத்தில் புரோமைடு என்ற ஒரு நச்சுவாயுவையும் ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியே கேட்கின்றன. எனவே இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதும் அந்த வாயுவுக்கே ஒதுக்கப்படுகிறது.

ஓசூரில் பசுமைக்குடில் அமைத்து ரோஜா வளர்க்கும் வாசகர்: குளிர்பதனப் பெட்டியின் வாயு ஓசோனைக் கெடுத்தது என்பது புரிகிறது. மண்ணுக்குள் செலுத்திய மருந்து எப்படி வானத்துக்குப் போயிற்று?

காரணம் அந்த மருந்தின் இயல்பிலேயே இருக்கிறது. மெத்தில் புரோமைடு 4 பாகை செல்சியசுக்கும் குறைந்த வெப்பநிலையிலேயே கொதித்து வாயுவாகிவிடும். ஆகவே அதை அழுத்தத்தில் திரவமாக்கி, உருளைகளிலும் சிறு தகர டப்பாக்களிலும் அடைத்து விற்றார்கள். நிலத்தைப் புழுதிபட உழுது, அதன்மேல் பாலித்தீன் விரிப்பைப் போர்த்தி, ஓரங்களைச் சுற்றிலும் மண்ணில் புதைத்துவிட்டு, விரிப்புக்கு அடியில் வைத்த டப்பாவை ஆணியில் அழுத்தித் துளையிட்டால் போதும்; வாயு மண்ணுக்குள் இறங்கிவிடும். பெரிய பண்ணைகளில் இயந்திரமே வாயுவை மண்ணுக்குள் செலுத்திக்கொண்டு, பின்னாலேயே விரிப்பையும் போர்த்திக்கொண்டு போகும். சில நாட்கள் கழித்து விரிப்பை எடுத்து, மண்ணை ஆறவிட்டு, நாற்று நடுவார்கள். வேர்முடிச்சு நூற்புழு, வாடல் நோய்ப் பூஞ்சைகள், வேர்ப்புழு, களை விதை என எல்லாமே ஒரே வீச்சில் அழிந்தன. ஆண்டுதோறும் அதே மண்ணில் அதே தக்காளியையோ ஸ்ட்ராபெரியையோ கார்னேஷனையோ பயிரிட வேண்டிய கட்டாயத்தில் இருந்த விவசாயிக்கு இதைவிட எளிய வழி வேறு இருந்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

செலுத்திய வாயுவில் ஒரு பகுதி மண்ணிலேயே சிதைந்து புரோமைடு உப்பாகத் தங்கியது. மீதியோ, பல நேரங்களில் பாதிக்கும் மேல், விரிப்பின் ஊடாகக் கசிந்தும் விரிப்பை எடுத்தபோது வெளியேறியும் காற்றில் கலந்தது. காற்றில் கலந்ததில் ஒரு பங்கு ஓசோன் படலம் இருக்கும் அடுக்கு மண்டலத்தை எட்டியதும், அங்குள்ள புற ஊதாக்கதிர் அதைப் பிளந்து புரோமின் அணுவை விடுவித்தது. அணுவுக்கு அணு ஒப்பிட்டால், குளிர்பதன வாயுக்களிலிருந்து வரும் குளோரினைவிட ஏறத்தாழ 60 மடங்கு வேகத்தில் புரோமின் ஓசோனை அழிக்கக்கூடியது. விளைநிலத்தில் பயன்பட்ட ஒரு பொருளை உலக நாடுகள் அனைத்தும் சேர்ந்து நிறுத்த வேண்டியிருந்தது இதனால்தான்.

இந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, பயன்படுத்தும் அளவுகளில் மணமும் பெரும்பாலும் தெரியாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே கண்ணெரிச்சல் தரும் குளோரோபிக்ரினை அதில் சிறிதளவு கலந்தார்கள். பசுமைக்குடிலுக்குள் வேலை செய்தவர்களுக்கு ஓசோனுக்கு முன்பாகவே நரம்பு மண்டலம் ஆபத்தில் இருந்தது. ஓசோனைப் பற்றிய எல்லாப் பேச்சிலும் இந்தத் தொழிலாளர்கள் கண்ணில் படாமல் போய்விடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது.

நாகர்கோவிலிலிருந்து இயற்பியல் ஆசிரியர்: கடலிலிருந்தே மெத்தில் புரோமைடு வெளியாகிறது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் மனிதனை மட்டும் கட்டுப்படுத்திப் பயன் என்ன?

நீங்கள் படித்தது சரி. கடல், உவர்ச் சதுப்பு நிலங்கள், காட்டுத்தீ ஆகியவற்றிலிருந்தும், நெல் வயல்களிலிருந்தும்கூட, இந்த வாயு வெளிப்படுகிறது. ஆனால் கடலும் மண்ணும் அதை உறிஞ்சவும் செய்கின்றன. மனிதன் தலையிடாத காலத்தில் வரவும் செலவும் ஒருவாறு நேராகி நின்றன. அந்தக் கணக்கின்மேல் மனிதன் கூடுதலாக ஏற்றிய பங்குதான் சிக்கலாயிற்று. 1990களின் தொடக்கத்தில் உலகம் ஆண்டுக்கு 60,000 டன்னுக்கும் மேல் மெத்தில் புரோமைடைப் பயன்படுத்தியது. அதில் பெரும்பகுதி மண்ணுக்கே போயிற்று.

இந்த வாயு காற்றில் ஓர் ஆண்டுகூட முழுதாக நிலைப்பதில்லை. குளிர்பதனப் பெட்டிகளில் இருந்த சி.எஃப்.சி.–12 போன்ற வாயுக்கள் நூறாண்டு அளவுக்கு நிலைத்திருப்பவை. நிறுத்திய பிறகும் அவற்றின் தீங்கு பேரன் காலம்வரை தொடரும். மெத்தில் புரோமைடில் நிலைமை வேறு. 1990களின் இறுதியில் காற்றில் அதன் அளவு ஒரு டிரில்லியனில் 9 பங்குக்கும் சற்று மேலாக இருந்தது. பயன்பாடு குறையத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே இறங்கி, 7 பங்கை ஒட்டி வந்துவிட்டது. எடுத்த முடிவின் பலனை அதே தலைமுறை அளந்து பார்க்க முடிந்த நிகழ்வு சுற்றுச்சூழல் வரலாற்றில் மிக அரிது.

மதுரையிலிருந்து கல்லூரி மாணவி: மெத்தில் புரோமைடைக் கைவிட வளரும் நாடுகளுக்குப் பன்னாட்டு நிதி கிடைத்ததாகச் சொல்கிறார்கள். பணக்கார நாடுகள் ஏன் கொடுத்தன? அது எப்படிச் செலவாயிற்று?

ஓசோனைச் சிதைக்கும் பொருட்களைக் கட்டுப்படுத்த 1987 செப்டம்பர் 16 அன்று கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியாவும் சீனாவும் உடனே சேரவில்லை. ஓசோனைச் சிதைத்த வாயுக்களில் மிகப் பெரும்பங்கைத் தொழில்மயமான நாடுகளே வெளியிட்டிருக்கும்போது, மாற்றுத் தொழில்நுட்பத்துக்கான செலவை ஏழை நாடுகள் ஏன் சுமக்க வேண்டும் என்பது அவற்றின் வாதம். 1990 ஜூனில் லண்டனில் நடந்த கூட்டத்தில், அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி இந்தியாவின் சார்பில் இந்த வாதத்தை விடாப்பிடியாக முன்வைத்தார். அந்தக் கூட்டத்தில்தான் வளரும் நாடுகளின் மாற்றச் செலவுக்கு உதவும் பலதரப்பு நிதியம் பிறந்தது. முதல் மூன்றாண்டுகளுக்கு 160 மில்லியன் டாலர், சீனாவும் இந்தியாவும் சேர்ந்தால் மேலும் 80 மில்லியன் என்று முடிவாயிற்று. சீனா 1991இலும் இந்தியா 1992இலும் உடன்படிக்கையில் இணைந்தன. அன்று அந்த இரு நாடுகளும் இசைந்திருக்காவிட்டால், மற்ற நாடுகளின் கட்டுப்பாடுகள் எல்லாம் விழலுக்கு இறைத்த நீராகியிருக்கும்.

இந்த நிதியத்தின் அமைப்பு முறையை நீங்கள் கவனிக்க வேண்டும். அதன் செயற்குழுவில் 14 உறுப்பினர்கள். வளர்ந்த நாடுகளிலிருந்து 7 பேர், வளரும் நாடுகளிலிருந்து 7 பேர். பணம் கொடுப்பவருக்கே முடிவெடுக்கும் அதிகாரம் என்ற வழக்கமான ஏற்பாடு இங்கே இல்லை. திட்டங்களை ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம், சுற்றுச்சூழல் திட்டம், தொழில் வளர்ச்சி நிறுவனம், உலக வங்கி ஆகிய நான்கும் களத்தில் நடத்துகின்றன. கொடுக்கும் நாடு ஒன்று விரும்பினால் தன் பங்கில் 20 விழுக்காடுவரை நேரடி இருதரப்புத் திட்டங்களாகவும் செய்துகொள்ளலாம்.

மெத்தில் புரோமைடு 1992இல் உடன்படிக்கையின் கோபன்ஹேகன் திருத்தத்தின் வழியே கட்டுப்படுத்தப்படும் பொருட்களின் பட்டியலில் சேர்ந்தது. வளர்ந்த நாடுகள் அதை 2005இலும் வளரும் நாடுகள் 2015இலும் முழுமையாக நிறுத்த வேண்டும் என்று 1997இல் கெடு விதிக்கப்பட்டது. வளரும் நாடுகள் 2002இல் பயன்பாட்டை மேலும் கூட்டாமல் நிறுத்தி, 2005இல் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும். கெடுவோடு பணமும் சேர்ந்தே வந்ததுதான் இந்த ஏற்பாட்டின் வலிமை என்பது என் கருத்து. ஒரு நாடு எந்த ஆண்டில் எத்தனை டன் குறைக்கும் என்று ஒப்பந்தம் செய்துகொள்ளும். நிதி தவணை தவணையாக வரும். முந்தைய தவணைக்குச் சொன்னபடி குறைந்ததா என்று பார்த்த பிறகே அடுத்த தவணை கிடைக்கும். பழைய முறைக்கும் புதிய முறைக்கும் உள்ள கூடுதல் செலவை மட்டுமே நிதியம் ஏற்றது. நீராவிக் கொதிகலன், ஒட்டு நாற்றங்கால், குழித்தட்டு, ஆய்வுக்கூடக் கருவி, எல்லாவற்றுக்கும் மேலாக விவசாயிகளுக்கும் களப் பணியாளர்களுக்குமான பயிற்சி என்று அது செலவாயிற்று. கிழக்கு ஐரோப்பிய நாடுகள் சிலவற்றுக்கு இந்நிதியத்தின் வாசல் திறக்கவில்லை. அவற்றுக்கு உலகச் சுற்றுச்சூழல் வசதி நிதியம் கைகொடுத்தது.

ஒட்டன்சத்திரத்திலிருந்து தக்காளி விவசாயி: மருந்தை நிறுத்தச் சொல்வது எளிது. வளரும் நாட்டு விவசாயிகளின் கையில் அதற்குப் பதிலாக என்ன கொடுத்தார்கள்?

கேட்க வேண்டிய கேள்வியையே கேட்டிருக்கிறீர்கள். மெத்தில் புரோமைடுக்கு ஈடான ஒரே மருந்து எதுவும் கிடைக்கவில்லை. ஊருக்கு ஊர், பயிருக்குப் பயிர் வேறு வேறு வழிகளைச் சோதித்துத்தான் கண்டுபிடித்தார்கள். அதனால்தான் பல நாடுகளில் முதலில் விவசாயிகளின் கண்முன்னே செயல்விளக்கத் திட்டங்களை நடத்திக் காட்டிவிட்டு, அதற்குப் பிறகே முழு நிறுத்தத் திட்டங்களுக்குப் போனார்கள்.

உங்கள் பயிரையே எடுத்துக்கொள்வோம். மொராக்கோவில் அகாதிர் நகரை ஒட்டிய சூஸ்–மாசா பகுதி, ஐரோப்பாவுக்குக் குளிர்காலத் தக்காளி அனுப்பும் பசுமைக்குடில்கள் நிறைந்த இடம். அங்கே கைகொடுத்தது ஒட்டுக்கட்டுதல். நூற்புழுவையும் வாடல் நோயையும் தாங்கும் வேர்ச்செடி ஒன்றின் நாற்றையும், சந்தைக்கு வேண்டிய ரகத்தின் நாற்றையும் ஒரே தடிமனுக்கு வளர்க்கிறார்கள். இரண்டின் தண்டையும் கூரிய பிளேடால் ஒரே சாய்வில் சீவி, வெட்டு முகங்களைப் பொருத்தி, விரல் நகத்தளவுள்ள சிலிக்கான் கவ்வி ஒன்றை மாட்டுகிறார்கள். பிறகு ஈரம் மிகுந்த, வெளிச்சம் குறைந்த அறையில் சில நாட்கள் வைத்திருந்து, காயம் கூடியதும் படிப்படியாக வெளிச்சத்துக்குப் பழக்குகிறார்கள். ஒட்டு நாற்றின் விலை அதிகம் என்பதால் முதலில் விவசாயிகள் தயங்கியது இயல்பே. ஆனால் வேர் வீரியமாக இருந்ததால் ஒவ்வொரு செடியிலும் இரண்டு தண்டுகளைக் கொடியேற்ற முடிந்தது; அதனால் ஏக்கருக்குத் தேவைப்படும் நாற்றின் எண்ணிக்கை பாதியாயிற்று, கணக்கும் சரிக்கட்டிற்று. அந்நாட்டின் தாவர நோயியல் பேராசிரியர் முகமது பெஸ்ரி இந்த மாற்றத்துக்காகப் பல்லாண்டுகள் உழைத்தவர். மெத்தில் புரோமைடு மாற்றுவழிகளுக்கான உடன்படிக்கைத் தொழில்நுட்பக் குழுவின் இணைத் தலைவராகவும் இருந்தார்.

இதே முறையில் கத்தரியைச் சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டுவதைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பரிந்துரைக்கிறது. நூற்புழுத் தொல்லை உள்ள நிலமாக இருந்தால் நீங்கள் அதை நேரில் பார்த்து வருவது நல்லது.

புகையிலை நாற்றங்காலுக்கு முற்றிலும் வேறு வழி பிறந்தது. பிரேசில், அர்ஜென்டினா, மலாவி, சிம்பாப்வே ஆகிய நாடுகளில் நாற்று மேடை முழுவதற்கும் வாயு செலுத்துவது வழக்கமாக இருந்தது. அதற்கு மாறாக, இலேசான தெர்மாகோல் குழித்தட்டுகளில் மண்ணில்லா ஊடகத்தை நிரப்பி விதைத்து, அந்தத் தட்டுகளை ஆழமில்லாத தொட்டி நீரில் மிதக்கவிட்டார்கள். மண்ணே இல்லாதபோது மண்ணைச் சுத்திகரிக்கும் தேவையும் இல்லை. மலாவி போன்ற ஏழை நாடு 2015 கெடுவுக்குப் பல ஆண்டுகள் முன்பே தன் புகையிலை நாற்றங்காலிலிருந்து இந்த வாயுவை விலக்கியது.

பூப் பண்ணைகளில் நீராவியைச் செலுத்தி மண்ணைச் சூடாக்கும் முறையும், மண்ணை விட்டுவிட்டு எரிமலைக்கல், தென்னை நார்க்கழிவு ஆகியவற்றில் செடி வளர்க்கும் முறையும் பரவின. பொள்ளாச்சிப் பகுதியில் ஒரு காலத்தில் சாலையோரம் குவிந்து கிடந்த அந்த நார்க்கழிவு, இன்று உலகெங்கும் பசுமைக்குடில்களுக்குக் கட்டிகளாக ஏற்றுமதியாகிறது. கொலம்பியாவின் மலர்ப் பண்ணைகளோ மெத்தில் புரோமைடை ஏறக்குறைய நாடாமலே உலகச் சந்தையில் முன்னணியில் நின்றவை; மற்ற நாட்டு மலர் விவசாயிகளின் அச்சத்தைப் போக்க அந்த அனுபவம் பெரிதும் உதவிற்று.

வெயில் மிகுந்த நாடுகளுக்கு மண் சூரியவெப்பமூட்டல் என்ற வழியும் இருக்கிறது. இஸ்ரேலின் யாக்கோவ் கட்டான் 1970களில் இதை முறைப்படுத்தினார். கோடையில் நிலத்தை நன்றாக நனைத்து, ஒளி ஊடுருவும் பாலித்தீன் விரிப்பை மண்ணோடு ஒட்டப் போர்த்தி, நான்கு முதல் ஆறு வாரம் விட வேண்டும். கறுப்பு விரிப்பு இதற்கு ஏற்றதல்ல. கோடை நடவு இல்லாத நாற்றங்கால் மேடைக்கு நம் ஊர்ச் சித்திரை வெயில் போதுமானது. வேப்பம் புண்ணாக்கு, டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சை, இடையே செண்டுமல்லிப் பயிர் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால் பலன் கூடும். எதையும் தனியாக நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும்.

இலங்கையின் ஹட்டனிலிருந்து வாசகர்: எங்கள் தேயிலைத் தோட்டங்களிலும் இது பயன்பட்டதா?

ஆம், நாற்றுமேடைகளில். மலையகத் தேயிலையின் வேரைத் தாக்கும் நூற்புழுவுக்கு எதிராக நாற்றுப் பைகளுக்கான மண்ணை இந்த வாயுவால் சுத்திகரித்தார்கள். மாற்றுவழி தேடும் பணிக்குப் பலதரப்பு நிதியம் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் வழியே உதவிற்று. பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் உடனே மறுநடவு செய்யாமல், ஒன்றரை இரண்டு ஆண்டுகள் மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து மண்ணைத் தேற்றும் வழக்கம் உங்கள் தோட்டங்களில் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைத்துவரும் அந்த முறை நூற்புழுவின் பெருக்கத்தையும் தணிக்கிறது.

கோயம்புத்தூரிலிருந்து வேளாண் மாணவர்: பணம் கொடுத்த நாடுகள் தங்கள் கெடுவைக் காப்பாற்றினவா?

எல்லா நாடுகளும் அல்ல. நெதர்லாந்து நிலத்தடி நீரில் புரோமைடு கலப்பதைக் கண்டு, உலகக் கெடுவுக்கு வெகு முன்பாக 1990களின் தொடக்கத்திலேயே மண் பயன்பாட்டை நிறுத்திவிட்டது. ஆனால் உடன்படிக்கையில் இன்றியமையாப் பயன்பாட்டு விலக்கு என்று ஒரு வழி விடப்பட்டிருந்தது. தொழில்நுட்ப அளவிலும் பொருளாதார அளவிலும் மாற்று இல்லை என்று நிறுவினால் கெடுவுக்குப் பிறகும் பயன்படுத்தலாம். அமெரிக்கா 2005இல், கட்டுப்பாட்டுக்கு முந்திய தன் அடிப்படை அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமாக விலக்குப் பெற்றது. கலிபோர்னியாவின் ஸ்ட்ராபெரி வயல்களுக்கான விலக்கு 2016வரை தொடர்ந்தது. மலாவியின் புகையிலை விவசாயியால் முடிந்தது, உலகின் மிகச் சிறந்த வேளாண் பல்கலைக்கழகங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்ட கலிபோர்னியாவுக்கு இத்தனை ஆண்டு முடியாமல் போனதை நியாயப்படுத்த முடியாது. சீனாவும் 2015க்குப் பிறகு இஞ்சிப் பயிருக்காகச் சில ஆண்டுகள் விலக்குப் பெற்றது. ஆனால் அளவை ஆண்டுதோறும் குறைத்து 2018க்குப் பின் நிறுத்திவிட்டது.

மாற்று என்று வந்தவை அனைத்தும் நல்லவையும் அல்ல. மெத்தில் அயோடைடு ஓசோனைத் தொடாது என்பதற்காக அமெரிக்கா அதை 2007இல் அனுமதித்தது. அது புற்றுநோய் அச்சம் உள்ள கடும் நஞ்சு என்று அறிவியலாளர்களும் பண்ணைத் தொழிலாளர்களும் போராடிய பிறகு, 2012இல் தயாரிப்பாளரே சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டார். மண்ணில் செலுத்தும் நஞ்சுகளான மேட்டம் சோடியம், குளோரோபிக்ரின் ஆகியவை இன்றும் பயன்படுகின்றன. வானத்துக்குத் தீங்கில்லாதது வயலில் நிற்பவருக்கும் தீங்கில்லாதது என்று ஆகிவிடாது. ஒட்டுச்செடிக்கும் நீராவிக்கும் போன பணத்தை நான் மதிப்பது போல, ஒரு நஞ்சுக்கு இன்னொரு நஞ்சை மாற்றிக்கொள்ளப் போன பணத்தை என்னால் மதிக்க இயலவில்லை.

தூத்துக்குடியிலிருந்து துறைமுகப் பகுதியில் பணிபுரியும் வாசகர்: மெத்தில் புரோமைடு தடைசெய்யப்பட்டது என்கிறீர்கள். இங்கே கண்டெய்னர்களுக்கு அதைத்தானே அடிக்கிறார்கள்?

உங்கள் கண் பொய் சொல்லவில்லை. ஒரு நாட்டின் பூச்சியும் நோயும் இன்னொரு நாட்டுக்குப் போகாமல் தடுக்கச் செய்யும் தொற்றுத்தடுப்புப் புகையூட்டத்துக்கும் (அதாவது, மூடிய இடத்தில் வாயு செலுத்திப் பூச்சியைக் கொல்வதற்கும்), ஏற்றுமதிக்கு முந்திய புகையூட்டத்துக்கும் உடன்படிக்கை தொடக்கம் முதலே விலக்கு அளித்திருக்கிறது. அதற்குக் கெடுவும் இல்லை. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 10,000 டன் இந்த வழியில் இன்றும் செலவாகிறது. வயல்களிலிருந்து இத்தனை பாடுபட்டு விலக்கிய வாயு துறைமுகத்தில் கேள்வியின்றித் தொடர்வது, முடிக்காமல் விட்ட வேலையாகவே எனக்குப் படுகிறது. இந்தியாவில் இதன் பயன்பாடு பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்ததே. இறக்குமதிப் பருப்புக்கு ஏற்றுமதி நாட்டிலேயே மெத்தில் புரோமைடு புகையூட்ட வேண்டும் என்ற நம் விதி, கனடா போன்ற நாடுகளோடு பல ஆண்டுகள் இழுபறியாக நீடித்ததும் இதனால்தான்.

இதை நிறுத்த முடியாது என்பதும் உண்மையல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2010 மார்ச் மாதத்தோடு தொற்றுத்தடுப்புப் பயன்பாட்டையும் சேர்த்து நிறுத்திவிட்டது. உங்கள் பணியிடத்தில் கிடக்கும் மரப் பலகைத் தட்டுகளின் பக்கவாட்டைப் பாருங்கள். கோதுமைக் கதிர் போன்ற ஒரு சின்னத்தோடு எழுத்துகள் சூடுபோட்டோ மையிலோ பொறிக்கப்பட்டிருக்கும். அதில் எம்.பி. என்ற எழுத்துகள் இருந்தால் மெத்தில் புரோமைடு செலுத்திய மரம், எச்.டி. என்றிருந்தால் நடுமரம்வரை 56 பாகை வெப்பத்தை 30 நிமிடம் ஏற்றிய மரம். பன்னாட்டு விதி இரண்டையும் ஏற்கிறது. ஆகவே சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்று எச்.டி. முத்திரை உள்ள தட்டுகளை மட்டுமே வாங்குவோம் என்று இன்றே முடிவெடுத்தால் அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை.

உங்கள் பாதுகாப்பு குறித்தும் சொல்ல வேண்டும். புகையூட்டிய கண்டெய்னருக்குள், வாயு அளவைக் கருவியால் அளந்து பாதுகாப்பானது என்று சான்று தரும்வரை யாரும் நுழையக் கூடாது. மணம் இல்லை என்பதால் வாயு இல்லை என்று ஆகாது. தலைச்சுற்றல், வாந்தி, கைநடுக்கம் போன்றவை சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். அப்படி எதுவும் தோன்றினால், புகையூட்டிய சரக்கைக் கையாண்டதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நம் நாட்டுச் சட்டப்படி இந்த வாயுவை அரசு அமைப்புகளும் பூச்சித்தடுப்புத் தொழில் செய்வோரும் மட்டுமே, அதுவும் வல்லுநரின் கண்காணிப்பில், கையாளலாம். அந்தக் கண்காணிப்பு உங்கள் பணியிடத்தில் நடக்கிறதா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.